சத்தியை மறிக்கிற ஊசி: ஒன்டன்செட்ரோனா, டெக்ஸாமெதசோனா?

"கண்டிக்குப் போற பஸ் பதினெட்டு வளைவு ஏறும்போது உங்களுக்கு ஓங்காளிக்குமா?" சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் வாட்டில் நான் கேட்கிற கேள்வி இது. அம்பாறைப் பக்கத்து ஆட்கள் மஹியங்கனை ஏற்றத்தை நினைத்துச் சிரிப்பார்கள். விளையாட்டுக் கேள்வி இல்லை. பஸ்ஸில் சத்தி எடுப்பவருக்கு மயக்கம் தெளிந்ததும் சத்தி வரும் வாய்ப்புக் கூட.

ஆப்ஃபெல் என்ற மயக்கமருந்து மருத்துவர் 1999இல் நான்கு புள்ளிக் கணக்கொன்று தந்தார்: பெண், புகைக்காதவர், பயணத்திலோ முந்தைய சத்திரசிகிச்சையிலோ சத்தி எடுத்தவர், சத்திரசிகிச்சைக்குப் பிறகு மோர்ஃபின் வகை வலிமருந்து தேவைப்படுபவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஒன்றும் இல்லையென்றால் ஏறத்தாழ 100இல் 10 பேருக்கு வரும்; நான்கும் இருந்தால் 80 பேருக்கு. எங்கள் ஊர்ப் பெண்களில் சிகரெட் பிடிப்பவர் எத்தனை பேர்? இரண்டு புள்ளி சும்மாவே விழுந்துவிடும்.

சரி, எந்த ஊசி? தடுக்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2004இல் வெளியான பெரிய ஆய்வில் இரண்டுமே தனித்தனியாக அபாயத்தை ஏறத்தாழக் கால்வாசி குறைத்தன. நேரம்தான் வேறு. ஒன்டன்செட்ரோன் 4 மில்லிகிராம், சத்திரசிகிச்சை முடியும் தறுவாயில். டெக்ஸாமெதசோன் மெதுவாகத்தான் வேலையைத் தொடங்கும், அதனால் ஆரம்பத்திலேயே போட வேண்டும். ஆனால் ஒரு நாள்வரை தாக்குப்பிடிக்கும், வலியையும் கொஞ்சம் தணிக்கும். அதையும் ஆள் தூங்கிய பிறகுதான். விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் கவட்டுக்குள் சுள்ளென்று எரிந்து அரிக்கும். ஒருமுறை ஒரு அக்கா தியேட்டர் கட்டிலில் துள்ளி எழும்பியே விட்டார், என்னவென்று சொல்ல வெட்கம் வேறு.

ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால் ஆளைப் பார்ப்பேன். சீனி கட்டுக்குள் இல்லாதவருக்கு டெக்ஸாமெதசோன் சீனியை இன்னும் ஏற்றும், அங்கே ஒன்டன்செட்ரோன். ஈசிஜியில் கியூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்னோட்டம் எழும்பி அடங்க எடுக்கும் நேரம்) நீண்டவருக்கு ஒன்டன்செட்ரோன் நல்லதல்ல. தலையிடியும் மலச்சிக்கலும் அதன் சில்லறைத் தொல்லைகள். சத்தி மருந்துகளில் பழைய ஆள் மெட்டோகுளோப்ரமைட்? வழக்கமான 10 மில்லிகிராமில் தடுப்புக்குப் பலம் போதாது. சிலருக்குக் கால் ஓரிடத்தில் நிற்காத பதகளிப்பும் வரும்.

உண்மையில் இவை போட்டியாளர்களே அல்ல. ஒரு புள்ளி இரண்டு புள்ளி இருந்தாலே இரண்டு வகை மருந்து கொடுக்கச் சொல்கிறது 2020இன் சர்வதேச வழிகாட்டல். என் வாக்கும் சோடிக்குத்தான்.

பிறகும் சத்தி வந்தால்? "அந்த ஊசியையே இன்னொருக்காப் போடுங்க மிஸ்ஸி" என்று கட்டிலருகில் பிளாஸ்கோடு நிற்கும் மாமி சொல்வார். ஆறு மணித்தியாலத்துக்குள் அதையே திரும்பப் போட்டுப் பெரிய பலன் இல்லை, மாமி. வேறு வகை மருந்துக்கு டொக்டரிடம் கேட்கிறேன். அதுவரைக்கும் பிளாஸ்கில் இருக்கிற இஞ்சிப் பிளேன்டியை நீங்களே குடியுங்கள், அவவுக்கு இப்ப வேண்டாம்.