பின்னால் அதிர்ந்த பிக்கப்: 40,900 ரூபாய் கொடுத்தும் தீராத கோளாறு

நாமக்கல்லில் இருந்து பெங்களூருக்கு முட்டை ஏற்றிப் போகிற பிக்கப் என்னுடையது. சொந்த வண்டி, ஓட்டுவதும் நான்தான். வாரத்துக்கு மூன்று நடை. போன சில மாதங்களில் ஒரு ஒர்க் ஷாப்பில் எனக்கு நடந்ததை இங்கே முழுசாக எழுதுகிறேன். பிக்கப் வைத்துப் பிழைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை, என் புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. வண்டி எந்தக் கம்பெனி என்பதும் முக்கியமில்லை. இன்ஜின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான ஷாஃப்ட்டும், லோடைத் தாங்கும் கமான் பட்டையும் உள்ள எந்தப் பிக்கப்புக்கும் இது பொருந்தும்.

முதலில் தெரிந்தது ஒரு திரும்பு நடையில். முட்டையை இறக்கிவிட்டு, வெறும் டிரேக்களோடு கிருஷ்ணகிரி தாண்டி வந்துகொண்டிருந்தேன். எண்பதைத் தொட்டதும் இடுப்புக்குக் கீழே ஒரு ஆட்டம். ஸ்டீயரிங் அசையவே இல்லை. சீட் ஆடியது, பின்பக்கம் பாடி கடகடவென்றது, உள்கண்ணாடியில் பின்னால் வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது. எழுபதுக்கு இறக்கினால் அடங்கியது. தொப்பூர் கணவாயில் எல்லோரும் மெதுவாகத்தான் இறங்குகிறோம், அங்கே ஒன்றும் தெரியவில்லை. சேலம் வந்ததும் மறுபடி ஆட்டம்.

அடுத்த நடையில் 600 டிரே ஏற்றியிருந்தேன், 18,000 முட்டை. வழக்கமாக ஒரு டிரே அளவுக்கு உடையும், அதைக் கடைக்காரரும் கணக்கில் எடுப்பதில்லை. அன்றைக்கு ஆறு டிரே போனது. எல்லாம் பின்கதவை ஒட்டி அடுக்கியிருந்த வரிசையில்.

சரி என்று சேலம் புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டேன். பெரிய இடம், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க மூன்று பிட், நிறைய வண்டிகள். அங்கிருந்த ஃபோர்மேன் வண்டியை ஓட்டிப் பார்க்கவில்லை. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, லோடு இருக்கும்போதா இல்லாதபோதா, எதையும் கேட்கவில்லை. பிட்டில் இறங்கி ஷாஃப்ட்டை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சென்டர் பேரிங் போயிருச்சுண்ணா, கிராஸும் லூஸா இருக்குது, மாத்திரலாம்" என்றார். சென்டர் பேரிங் ஷாஃப்ட்டை நடுவில் தாங்குவது. கிராஸ் என்பது ஷாஃப்ட் கோணத்தில் சுற்ற விடும் மூட்டு. மாலைக்குள் மாற்றிக் கொடுத்தார்கள். 9,400 ரூபாய்.

அன்று இரவே தெரிந்துவிட்டது, பழைய ஆட்டம் அப்படியே இருக்கிறது. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அறுபது தாண்டியதும் தரையில் இருந்து ஒரு உறுமல். வண்டுகள் நிறைந்த பெட்டியின் மேல் காலை வைத்த மாதிரி பாதம் முழுக்கக் கூசியது. மறுநாள் போய்ச் சொன்னேன். "புது பேரிங் செட் ஆகணும்ணா, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றார்கள். நம்பினேன். ஒரு நடை போய் வந்தால் ஐநூறு ஆகிவிடும். போய் வந்தேன். உறுமல் குறையவில்லை.

இரண்டாவது தடவை போனபோது ஃபோர்மேன் சொன்னது: "கிரவுன் போயிருச்சு. இப்படியே ஓட்டுனா ஹவுசிங் ஜாம் ஆகி நடுரோட்டுல நின்னுரும்." கிரவுன் என்பது பின் அச்சின் நடுவில் இருக்கும் பெரிய பல் சக்கரம். ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி அதைச் சுழற்றும் சின்னப் பல் சக்கரம் பினியன். இரண்டையும் மூடியிருக்கும் கூடு ஹவுசிங். நடுரோட்டில் நிற்கும் என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன். லோடோடு இரவு ரோட்டில் நிற்பதை நினைத்தாலே வயிறு கலங்கும். மூன்று நாள் வண்டி நின்றது. மூன்று நாளும் வேறு வண்டிக்கு வாடகை கொடுத்து முட்டையை அனுப்பினேன். கடைசியில் 31,500 ரூபாய். பில் என்று ஒரு வெள்ளைத் தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது. பழைய பாகத்தைக் கேட்டேன். ஒரு சாக்கில் கட்டி, எண்ணெய் வழிய, ஒரு கிரவுனையும் பினியனையும் கொடுத்தார்கள். பல் நுனிகள் தேய்ந்துதான் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த சந்தேகமும் போய்விட்டது.

ஆட்டமும் போகவில்லை, உறுமலும் போகவில்லை. போன் பண்ணினால் "வண்டி பழசுண்ணா, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில்.

அதற்குப் பிறகும் அதே நிலையில் மூன்று நடை ஓட்டினேன். நாமக்கல்லில் ஷாஃப்ட் பேலன்ஸ் பண்ணுகிற ஒரு பெரியவர் இருக்கிறார், சின்ன லேத் பட்டறைதான். ஒரு லாரி ஓட்டுநர் சொல்லி அங்கே போனேன். வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"தம்பி, பின்னாடி ஆடுதா, உறுமுதா?"

"ரெண்டும் இருக்குதுங்க ஐயா."

"அப்படீன்னா ரெண்டு கோளாறு. வண்டிய எடுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கரூர் ரோட்டில் என்னை ஓட்டச் சொன்னார். எண்பதில் வைக்கச் சொல்லி ஒரு கியர் குறைக்கச் சொன்னார். இன்ஜின் சத்தம் ஏறியது, ஆட்டமும் உறுமலும் துளியும் மாறவில்லை. பிறகு முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரான இடத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்போதும் இரண்டும் இருந்தன. "பாத்தீங்களா, இன்ஜின் இல்ல, கியர் பாக்ஸ் இல்ல. கிரவுனா இருந்தா ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ஒரு சத்தம், விடும்போது ஒரு சத்தம் வரும். இது ரெண்டுக்கும் ஒரே மாதிரி இருக்குது." நான் 31,500 ரூபாய் கொடுத்து மாற்றியதாக நம்பியிருந்த பாகம் அது.

ஆட்டம், உறுமல் என்று அவர் பிரித்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை எல்லா ஓட்டுநரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் பிக்கப் டயரின் உயரம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் ஓடும். எண்பது கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். அப்படியானால் டயர் நொடிக்குப் பத்துச் சுற்று சுற்றுகிறது. டயரிலோ ரிம்மிலோ டிரம்மிலோ குறை இருந்தால் நொடிக்குப் பத்து அடி விழும். உடம்பு அதை ஆட்டமாக உணரும். ஷாஃப்ட் அப்படி இல்லை. என் வண்டியில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்ற வேண்டும். நொடிக்கு நாற்பதுக்கு மேல். அந்த வேகத்தில் வரும் அதிர்வைத் தனித்தனி அடியாக உணர முடியாது, உறுமலாகத்தான் வரும். கிராஸ் மாட்டியதில் தப்பு என்றால் ஷாஃப்ட்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு அடி, அதாவது நொடிக்கு எண்பதுக்கு மேல். அப்போது பாதம் கூசும். அதிர்வு நொடிக்கு எத்தனை என்று காட்டும் ஆப் மொபைலிலேயே கிடைக்கிறது. மொபைலைச் சீட்டுக்குக் கீழே தரையில் வைத்து நானும் பார்த்தேன், பெரியவர் காதால் சொன்னது சரியாக இருந்தது.

பட்டறைக்குத் திரும்பியதும் முதலில் டயர். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினார். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். வலது பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். இரண்டு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் கையை ஊன்றி, ஒரு சாக்பீஸை டயருக்கு மயிரிழை தூரத்தில் பிடித்தார். டயர் சுற்றச் சுற்ற ஒரே ஒரு இடம் மட்டும் வந்து சாக்பீஸில் உரசி வெள்ளையானது. கையை வைத்துத் தடவச் சொன்னார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புடைப்பு. டயருக்குள் இருக்கும் கம்பி அடுக்கு விட்டுப்போய், ரப்பர் மேலே எழும்பியிருந்தது. நின்றுகொண்டு பார்த்தால் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) எல்லாம் நன்றாக இருக்கிற டயர்தான்.

அந்த இடத்தில் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அப்படிப்பட்ட டயர் ஓட்டத்தில் எந்த நேரமும் வெடிக்கலாம். ஒரு டன் லோடோடு, தொப்பூர் இறக்கத்தில், இரவு இரண்டு மணிக்கு, அந்த டயரை வைத்துக்கொண்டு நான் எத்தனை தடவை இறங்கியிருக்கிறேன்! ஒர்க் ஷாப்பில் என் வண்டி நாலு நாள் இருந்திருக்கிறது. ஒரு தடவை சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்திருந்தால் போதும். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறாத கோபம்.

ஸ்டெப்னியை மாட்டி ஓட்டினோம். ஆட்டம் சுத்தமாக நின்றது. உறுமல் மட்டும் மிச்சம்.

அடுத்து ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் இரண்டு பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று சொருகி முன்னும் பின்னும் நகரும் பல்லுப் பகுதியில் துணியால் கிரீஸைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். ஒரு பாகத்தில் ஒரு அம்புக்குறி, மறுபாகத்தில் ஒரு அம்புக்குறி. இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். என் வண்டியில் இரண்டு பல் தள்ளி இருந்தது. சென்டர் பேரிங் மாற்றும்போது கழற்றியவர்கள் குறியைப் பார்க்காமல் கைக்கு வந்தபடி சொருகிவிட்டார்கள். ஒரு கிராஸ் வளைவில் சுற்றும்போது வேகம் கூடிக் குறையும். அடுத்த கிராஸ் அதற்கு எதிராகக் கூடிக் குறைந்து அதைச் சரிக்கட்ட வேண்டும். இரண்டு பல் தள்ளினால் சரிக்கட்டாது. பெரியவர் கழற்றி, குறியை நேராக்கி, கிரீஸ் வைத்து மாட்டினார். உறுமலும் போய்விட்டது. எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு ஆன செலவு ஒரு புது டயர் மட்டும்.

(லோடு தாங்கட்டும் என்று பின்னால் எக்ஸ்ட்ரா பட்டை போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி பின்பக்கம் தூக்கினால் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். பட்டை போட்ட பிறகு காலியாக ஓட்டும்போது மட்டும் உறுமினால் முதலில் அங்கே பாருங்கள்.)

கிரவுன் விஷயம் அப்புறம்தான் வெளியே வந்தது. ஹவுசிங்கில் எண்ணெய் ஊற்றும் பிளக்கைக் கழற்றி, பெரியவர் சுண்டுவிரலை விட்டு எடுத்தார். விரல் கருப்பாக வந்தது. புது கிரவுன் போட்டுப் புது எண்ணெய் ஊற்றி ஒரு மாதம் கூட ஆகவில்லை என்று நான் சொன்னதும் அவர் எதுவும் பேசவில்லை. ஹவுசிங் போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொரு போல்ட் தலையைச் சுற்றியும் காய்ந்த சேறு உடையாமல் இருந்தது.

வீட்டுக்குப் போய் அந்தச் சாக்கைப் பிரித்தேன். பல்லை எண்ணினேன். கிரவுனில் 43, பினியனில் 8. வகுத்தால் ஐந்தரைக்குப் பக்கம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்ற வேண்டும். என் வண்டியில் எவ்வளவு என்று பார்க்கப் பெரியவர் சொல்லித் தந்த வழி: ஒரு பின்சக்கரம் தரையில், மற்றது தூக்கி, வண்டி நகராமல் கட்டை போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நியூட்ரலில் வைத்துக்கொண்டு, தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள் (மற்ற சக்கரம் நிற்பதால் இந்த இரண்டு சுற்று, இரண்டு சக்கரமும் ஒரு சுற்று சுற்றியதற்குச் சமம்). ஷாஃப்ட்டில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அது எத்தனை தடவை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். எனக்கு நாலு சுற்றும் இன்னும் கொஞ்சமும் வந்தது. சாக்கில் இருந்தது என் வண்டிப் பாகமே இல்லை. வேறு ஏதோ வண்டியின் பழைய கிரவுனைக் காட்டி என்னிடம் 31,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

போய்க் கேட்டேன். "நீங்க வேற எங்கயாவது கழட்டியிருப்பீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வணிக வண்டிக்கு நுகர்வோர் சட்டம் வராது என்று என்னைப் பலர் பயமுறுத்தினார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு 2019 சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. அதனால் வண்டியை நானே ஓட்டுகிறேன், வேறு வருமானம் இல்லை என்று மனுவில் தெளிவாக எழுதினேன். வெள்ளைத் தாள் பில்லாக இருந்தாலும், பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்ததால் அதற்கு ஆதாரம் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்திருந்தால் இன்று என் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

உங்கள் வண்டி பின்னால் அதிர்ந்தால், ஓட்டிப் பார்க்காமல் பாகத்தின் பெயரைச் சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். போவதற்கு முன் பின் டயரை முன்னால் மாற்றிப் போட்டு ஒரு தடவை ஓட்டுங்கள், ஆனால் அதற்கு முன் டயரில் புடைப்பு இல்லை என்று கையால் தடவிப் பார்த்துவிடுங்கள். ஆட்டம் ஸ்டீயரிங்குக்கு வந்தால் டயரோ ரிம்மோதான். அதற்கு ஒரு பைசா செலவில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று, குறி இல்லையென்றால் பெயின்ட்டில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஹவுசிங் திறப்பதாகச் சொன்னால் திறந்த நிலையில் வண்டி நம்பரும் தெரிய ஒரு போட்டோ எடுங்கள். நான் எடுக்கவில்லை.

அந்தச் சாக்கு இன்னும் ஷெட்டில்தான் இருக்கிறது. விசாரணைக்குக் கூப்பிடும்போது எடுத்துக்கொண்டு போக வேண்டும். என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.