தங்கச் சிவப்பா, வெள்ளி மஞ்சளா? கண்ணாடிக்குள்ள ரெண்டும் என்ன பண்ணுது

தங்கத்தைக் கண்ணாடில கலந்தா தங்க நிறம் வரும்னு நினைச்சா ஏமாந்தோம், வர்றது மாதுளை முத்து மாதிரி சிவப்பு! நானோ சைஸ்ல இருக்கற தங்கத் துகள்ல எலக்ட்ரான் எல்லாம் ஒண்ணா ஆடும், அந்த ஆட்டம் ஒத்துப்போறது 520-530 நானோமீட்டர் அலைநீளம் இருக்கற ஒளியோட, அதனால பச்சையை முழுங்கிடும், நீலத்துலயும் பாதிய எடுத்துக்கும், மிச்சம் சிவப்புதான் வெளிய வருது. வெள்ளிக்கு அதே ஆட்டம் 400-420 பக்கம், ஊதாவும் நீலமும் போயிடும், மஞ்சள் நிக்கும்.

செய்யறதுல தங்கம்தான் ரொம்ப படுத்தும். உருக்கி ஆறினதும் கிட்டத்தட்ட நிறமே இருக்காது, மறுபடி சூடு காட்டினாதான் அணுக்கள் கூடி சிவப்பு ஏறும், சூடு ஓவரானா துகள் பெருசாகி கலங்கின பழுப்பாயிடும், அவ்ளோதான் காசு போச்சு. வெள்ளியை உருக்கவே வேணாம், 14ஆம் நூற்றாண்டுலேர்ந்து ஐரோப்பிய சர்ச் ஜன்னல்ல வெள்ளி உப்பை மேல பூசி சூளைல வச்சாங்க, கண்ணாடில இருக்கற சோடியம், பொட்டாசியம் அயனி வெளிய வர வெள்ளி உள்ள போயிடும்.

சென்சார் மாதிரி வேலைக்கு வெள்ளிதான் என் சாய்ஸ், ஏன்னா அதோட பீக் (ஒளியை அதிகமா முழுங்கற இடம்) கூர்மையா, பலமா இருக்கும் (ஆனா ஈசியா ஆக்சைடாகும், அது ஒரு தலைவலி).

ரெண்டையும் சேர்த்தா? பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற 4ஆம் நூற்றாண்டு ரோமானிய லைக்கர்கஸ் கோப்பையப் பாருங்க, முன்னாடி லைட் அடிச்சா பச்சை, உள்ள லைட் வச்சா சிவப்பு.