யூசி விண்ணப்பச் சேவை: முன்பாதி அருமை, அனுமதிக்குப் பிறகு கவனம்

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசி) இளநிலைப் படிப்பு உள்ள வளாகங்கள் ஒன்பது. பெர்க்லி முதல் மெர்செட் வரை அத்தனைக்கும் ஒரே விண்ணப்பம்தான். கட்டணம் வளாகம் ஒன்றுக்கு 80 டாலர், வெளிநாட்டு மாணவருக்கு 95. இந்த இணையச் சேவையின் முன்பாதியில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. எட்டுக் கேள்விகளில் நான்குக்கு ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் பதில் எழுத வேண்டும். சாட், ஆக்ட் நுழைவுத் தேர்வு மதிப்பெண் அனுமதி முடிவில் சேராது. பள்ளி தரும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டைக்கூட இந்தக் கட்டத்தில் கேட்பதில்லை. மாணவரே தன் கிரேடுகளைப் பார்த்து நிரப்புகிறார். பக்கங்கள் தெளிவு, விளக்கங்கள் சுருக்கம், நிரப்பியது வழியில் தொலைவதில்லை. இதற்கு ஐந்துக்கு நான்கரை தாராளமாகக் கொடுக்கலாம்.

பின்பாதிக்கு இரண்டரைதான். மார்ச்சில் அனுமதி வந்து வீடே கொண்டாடிய பிறகு, 12ஆம் வகுப்பில் ஒரு பாடம் சறுக்கினால் என்ன செய்வது என்பதில் இந்தச் சேவை மாணவரைத் தனியே விட்டுவிடுகிறது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, வந்திருப்பது நிபந்தனையோடு கூடிய அனுமதி. மே 1க்குள் சேர்க்கையை உறுதி செய்யும்போது நிபந்தனைகள் அடங்கிய ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படிக்காமலே கிளிக் செய்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். வாசகங்கள் வளாகத்துக்கு வளாகம் மாறினாலும் சாரம் ஒன்றே: விண்ணப்பத்தில் எழுதிய 12ஆம் வகுப்புப் பாடங்களை முடிக்க வேண்டும், ஏ-ஜி பாடங்களில் (யூசியில் சேரப் பள்ளியில் கட்டாயம் படிக்க வேண்டிய பாடப் பிரிவுகள்) சி அல்லது அதற்கு மேல் வாங்க வேண்டும், பல வளாகங்களில் அந்த ஆண்டின் சராசரி 3.0 ஆவது இருக்க வேண்டும், இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் போய்ச் சேர வேண்டும்.

இதில் மாணவருக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் உண்டு. யூசி கணக்கில் பிளஸ், மைனஸ் கிடையாது. சி மைனஸ் என்றால் சி, தப்பித்தாயிற்று. ஆனால் டி பிளஸ் என்றால் வெறும் டி. 69 சதவீதத்தில் நிற்கும் பிள்ளைக்குப் பள்ளி எந்த எழுத்தைப் போடுகிறது என்பதில் எல்லாமே அடங்கியிருக்கிறது. ஆகவே முதல் வேலையாக அந்த ஆசிரியரின் கிரேடு எல்லைகளைப் பாருங்கள்.

சராசரி எப்படிக் கவிழ்கிறது என்பதை ஒரு கணக்காகவே போட்டுவிடலாம். ஏ-ஜி பாடங்கள் ஐந்து, செமஸ்டர் இரண்டு, ஆக மொத்தம் பத்து கிரேடு. ஏ என்றால் 4, பி என்றால் 3, சி என்றால் 2. முதல் செமஸ்டரில் ஏ, பி, பி, சி, சி வந்தால் கூட்டுத்தொகை 14, சராசரி 2.8. டி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் கோட்டுக்குக் கீழே. ஆண்டு முழுவதற்கும் 3.0 வேண்டுமானால் மொத்தம் 30 புள்ளி தேவை. இரண்டாம் செமஸ்டரில் 16 எடுக்க வேண்டும், அதாவது நான்கு பி, ஒரு ஏ. இதே ஐந்தில் இரண்டு ஏபி பாடங்களாக (பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படித்துத் தேர்வு எழுதும் பாடங்கள்) இருந்து, வளாகம் கூடுதல் புள்ளியைச் சேர்த்துக் கணக்கிட்டால், முதல் செமஸ்டரே 16 ஆகி 3.2 வந்துவிடும். எனவே ஒப்பந்தத்தில் அந்த 3.0 கூடுதல் புள்ளியோடா, இல்லாமலா என்ற ஒரு சொல்லைத் தேடிப் படியுங்கள். இதை எல்லா வளாகமும் ஒரே மாதிரி வைத்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கும்.

பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப் வழியாகப் போகும் பல கல்லூரிகளுக்குப் பள்ளி கவுன்சிலர் ஆண்டின் நடுவில் ஓர் அறிக்கை அனுப்புகிறார். முதல் செமஸ்டர் சரிவு அங்கே தானாகவே தெரிந்துவிடும். யூசியில் அந்தப் படி வழக்கமாக இல்லை. அதனால் "சீனியர் வருஷத்து மார்க்கை யார் பார்க்கப்போறாங்க" என்ற பேச்சு நம்மவர் வீடுகளில் ஊன்றிவிட்டது. அது பெரிய தவறு. பார்க்கத்தான் செய்கிறார்கள், ஜூலையில். அதுவரை டி, எஃப் வந்தாலோ பாடம் மாறினாலோ தெரிவிக்கும் பொறுப்பு முழுக்க மாணவருடையது. சேவையின் பெரிய ஓட்டை இங்கேதான். விண்ணப்பத்துக்குள் மறுபடி நுழைந்தால் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் திருத்தலாம், கிரேடைத் திருத்த முடியாது. அனுமதி வந்த பிறகு அந்தந்த வளாகத்தின் போர்ட்டலுக்குத்தான் போக வேண்டும். சாண்டா குரூஸ் போன்ற இடத்தில் இதற்கென்றே படிவம் இருக்கிறது. வேறு இடங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

டி வந்தவுடன் எழுதுங்கள், எழுத்து மூலமாகவே எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இருக்காது. விண்ணப்ப எண், பாடத்தின் பெயர், எந்த செமஸ்டர், என்ன கிரேடு, காரணம் இரண்டு வரி, ஈடுகட்ட என்ன திட்டம், அவ்வளவு போதும். உடல்நலக் காரணம் என்றால் சான்று இருப்பதைக் குறிப்பிடுங்கள். எழுத வேண்டியது மாணவர். அம்மா அப்பா எழுதினால் அலுவலகம் பெரும்பாலும் மாணவரையே எழுதச் சொல்லும். மார்ச்சில் சொன்ன டி பற்றிப் பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது. ஜூலையில் அவர்களே கண்டுபிடிக்கும் டி, ஒப்பந்தத்தை மீறி மறைத்ததாகவும் ஆகிவிடும். ஒரே கிரேடு, ஆனால் இரண்டாவதில் இழப்பதற்குச் சீட்டே இருக்கிறது.

டி வந்துவிடுமோ என்று பயந்து ஜனவரியில் ஏபி கால்குலஸைக் கைவிடுவதும் தீர்வு அல்ல. விண்ணப்பத்தில் எழுதிய பாடம் காணாமல் போவதும் ஒப்பந்த மீறல்தான். விடும் முன் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள்.

ஈடுகட்டும் வழிகளில் கணிதத்துக்கும் வேற்றுமொழிக்கும் ஒரு சலுகை உண்டு: முதல் செமஸ்டரில் டி வாங்கி, அதே பாடத்தின் இரண்டாம் செமஸ்டரில் சி வாங்கினால் ஏ-ஜி தேவை நிறைவேறியதாக எடுத்துக்கொள்வார்கள். இது தகுதிக் கணக்குக்கு மட்டும். ஒப்பந்தத்தில் டி கூடாது என்று இருந்தால் அதைத் தனியே தெரிவிக்கத்தான் வேண்டும். ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே சமூகக் கல்லூரிதான் (இரண்டாண்டுப் பொதுக் கல்லூரி) கைகொடுக்கும். மூன்று யூனிட் செமஸ்டர் பாடம் ஒன்று, பள்ளியின் ஓராண்டுப் பாடத்துக்கு ஈடு. ஆனால் கோடைப் பாடம் பெரும்பாலும் ஜூலை 1ஐத் தாண்டித்தான் முடியும், ஆகவே வளாகத்தின் ஒப்புதல் வாங்கிய பிறகே சேருங்கள்.

நல்ல கிரேடு இருந்தும் சிக்கிக்கொள்வது டிரான்ஸ்கிரிப்டில். டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பும் இணையச் சேவையான பார்ச்மென்ட்டில் அவசரப்பட்டு ஆர்டர் போட்டால் இரண்டாம் செமஸ்டர் கிரேடு ஏறும் முன்பே பழைய பிரதி போய்விடும். இறுதி கிரேடு வரும்வரை நிறுத்திவைக்கும் தெரிவு அதிலேயே இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளிப் பட்டமளிப்புத் தேதி டிரான்ஸ்கிரிப்டில் அச்சாகியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஓலோனி, டி ஆன்சா போன்ற சமூகக் கல்லூரியில் ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தால்கூட அந்தக் கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டும் தனியாகப் போக வேண்டும். ஏபி மதிப்பெண்ணுக்குக் கெடு ஜூலை 15.

கெடுவின் கூர்மை எப்படிப்பட்டது என்பதற்கு 2017 சாட்சி. எதிர்பார்த்ததைவிட சுமார் 850 பேர் கூடுதலாகச் சேர ஒப்புக்கொண்ட அந்த ஆண்டில், அர்வைன் வளாகம் 499 அனுமதிகளை ரத்து செய்தது. பலரது விஷயத்தில் காரணம் டிரான்ஸ்கிரிப்ட் வராததும் தாமதமும்தான். எதிர்ப்பு கிளம்ப, ஆகஸ்ட் தொடக்கத்தில் வேந்தர் ஹாவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டு மாணவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கல்வித் தகுதி உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

ரத்துக் கடிதம் வந்தால் அதிலேயே மேல்முறையீட்டுக் கெடு இருக்கும். புதிய தகவல் இருந்தால் மட்டுமே முடிவு மாறும், கெஞ்சலுக்கு மாறாது. அதுவும் தோற்றால் சமூகக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து யூசிக்கு மாறும் வழி வலுவானது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களும் நிபந்தனை நிறைவேறினால் இடத்துக்கு உத்தரவாதம் தருகின்றன. சமூகக் கல்லூரியின் எந்தப் பாடம் யூசியில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

போர்ட்டலில் 'வந்து சேர்ந்தது' என்று தெரிந்தால் படித்துவிட்டார்கள் என்று பொருள் அல்ல. சரிபார்ப்பு ஆகஸ்ட் வரை ஓடும். விண்ணப்பத்தில் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரி இருந்தால் மே மாதத்திலேயே சொந்த முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பட்டமளிப்புக்குப் பிறகு பல பள்ளிகள் அந்தக் கணக்கை மூடிவிடும். கேள்விக் கடிதம் அங்கேதான் போய் விழும்.