கரியா, பிரிக்கெட்டா, பெல்லட்டா?

மரத்தையும் மரக்கழிவையும் நல்ல எரிபொருளாக மாற்ற எத்தனையோ வழிகள் வந்துவிட்டன. அவற்றை எடைபோட நான் கேட்பது ஒரே கேள்விதான்: காய்ந்த மரம் 100 கிலோ உள்ளே போனால், அதிலிருந்த வெப்பத்தில் எவ்வளவு அடுப்புக்கு வந்து சேர்கிறது?

மிகப் பழையது கரிமூட்டம். விறகை அடுக்கி, மண் பூசி, காற்றை அடக்கிக் கருகவிடுவார்கள். கிடைக்கும் கரி எடை குறைவு, புகையும் குறைவு, சூடோ இரும்பை உருக்கும் அளவு. 1709-ல் இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி, நிலக்கரியைக் கருக்கிச் செய்யும் கோக் கொண்டு இரும்பு உருக்கிக் காட்டும்வரை ஐரோப்பிய உலைகள் பெரும்பாலும் மரக்கரியை நம்பியே இருந்தன. ஆனால் கணக்குப் போட்டால் மனசு வலிக்கிறது. 100 கிலோ மரத்தில் ஏறத்தாழ 1800 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது. மண் மூட்டத்தில் 20 கிலோ கரி வந்தாலே நல்ல விளைச்சல். கிலோவுக்கு 30 என்றால் 600 மெகாஜூல். மூன்றில் இரண்டு பங்கு புகையோடு போயே போச்சு.

தூளை அழுத்திச் செய்யும் கட்டிதான் பிரிக்கெட். கரித்தூளை அச்சில் அழுத்திக் கட்டியாக்கும் வடிவமைப்புக்கு எல்ஸ்வொர்த் ஸ்வோயர் 1897-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1920களில் ஹென்றி ஃபோர்டு, கார் தொழிற்சாலையின் மரக்கழிவை ஓரின் ஸ்டாஃபர்ட் என்ற வேதியியலாளரின் முறைப்படி கரியாக்கி, மாவுப்பசை சேர்த்துக் கட்டிகளாக விற்றார். கருகும்போது வரும் ஆவியையும் விடாமல் பிடித்து ரசாயனங்களாக்கினார்கள். மூட்டத்தைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, கருக்கத்தான் வேண்டுமா? மரத்திலேயே லிக்னின் என்ற பசை இருக்கிறது. சூடும் அழுத்தமும் பட்டால் அது இளகும், ஆறினால் இறுகும். வேறு ஒட்டுப்பொருளே வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதன்மேல்தான் நிற்கிறது: ஜப்பானில் உருவான திருகு அழுத்தி. சூடேற்றிய குழாய்க்குள் திருகு ஒன்று மரத்தூளைத் திணிக்க, நடுவில் துளையுள்ள கட்டை வெளியே வரும். இது கரியாக்காத மரத்தூள் பிரிக்கெட். துளை வழியாகக் காற்று போவதால் நன்றாக எரியும். எரிக்கப் புது அடுப்பு தேவையில்லை, விறகடுப்பே போதும். குறையும் உண்டு. உமி போன்ற சிலிக்கா மிகுந்த கழிவைப் போட்டால் திருகின் முனை சீக்கிரம் தேய்ந்துவிடும்.

பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு உருளை. 1970களின் எண்ணெய் நெருக்கடியில் வளர்ந்தது. கால்நடைத் தீவனம் செய்யும் இயந்திரத்தின் வழியிலேயே வந்தது. 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமன்தான் என்பதால் தானியம்போலக் கொட்டும், தானாக அடுப்புக்குப் போகும். அதன் பலம் அதுதான். ஆனால் தூளை நன்றாக அரைத்து, ஈரத்தைச் சுமார் 10 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். தனி அடுப்பும் வேண்டும், பெரும்பாலும் அதற்கு மின்சாரமும் வேண்டும். தண்ணீர் பட்டால் மறுபடி மரத்தூளாகிவிடும்.

மெகாஜூல் கணக்கில் மரத்தூள் பிரிக்கெட்டும் பெல்லட்டும் சமம். அழுத்துவதில் மரத்தின் வெப்பம் வீணாவதில்லை. உலர்த்தவும் இயந்திரம் ஓட்டவும்தான் செலவு.

அப்புறம் டாரிஃபேக்ஷன். காற்றில்லாமல் 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் மரத்தை வறுப்பது. 100 கிலோவில் 70 கிலோ மிஞ்சும், வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் தங்கும். நீரை அதிகம் உறிஞ்சாது, நிலக்கரி அரைக்கும் ஆலையிலேயே அரைபடும். அனல்மின் நிலையத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. ஆனால் வீட்டு அடுப்புக்காக இத்தனை பாடு எதற்கு?

என்னைக் கேட்டால், சாதாரண அடுப்பு வைத்திருப்பவருக்குத் துளையுள்ள பிரிக்கெட்தான். குளிர்ப் பிரதேசத்தில், ஆள் நிற்காமல் இரவெல்லாம் எரிய வேண்டுமென்றால் பெல்லட். புகை கூடவே கூடாது, கரிதான் வேண்டும் என்பவர்களுக்கும் மூட்டம் தேவையில்லை. மரத்தூளைத் துளைக்கட்டையாக அழுத்தி, அதைக் கருக்கி ஜப்பானியர்கள் 'ஓகாதான்' என்ற கரி செய்கிறார்கள். நெடுநேரம் எரியும் அந்தக் கரிக்காக ஒரு மரத்தையும் புதிதாக வெட்ட வேண்டியதில்லை.