ஜெபக்குறிப்பு அனுப்ப வாட்ஸ்அப்: கிறிஸ்தவ எழுத்தாளருக்கு எந்த வசதி கைகொடுக்கும்?

புத்தகம் எழுத உட்காரும் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜெப ஆதரவு வேண்டும் என்றதும் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கி, தெரிந்தவர்கள் எல்லாரையும் அதில் சேர்த்துவிடுகிறார். பெரும்பாலும் அங்கேயே சிக்கல் ஆரம்பித்துவிடுகிறது. இந்தச் செயலியில் பிராட்காஸ்ட் லிஸ்ட், குரூப், சேனல் என்று மூன்று வசதிகள் இருக்கின்றன. பார்வைக்கு மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோல இருந்தாலும், ஜெபத்துக்கு மூன்றும் ஒன்றல்ல.

எங்கள் சிபாரிசு முதலில் பிராட்காஸ்ட் லிஸ்டுக்குத்தான். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். நீங்கள் ஒரு முறை அனுப்புவது ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். இந்தக் கடைசி விஷயம் ஜெபத்துக்குப் பெரிய உதவி. குரூப்பில் முதலாமவர் "ஆமென்" போட்டால் அடுத்தவர்களும் அதையே போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தனியே பதில் எழுதுகிறவரோ, "இன்று காலை ஜெபிக்கும்போது இந்த வசனம் வந்தது" என்று மனம்விட்டு எழுதுவார்.

இதில் ஒரு குறை உண்டு. உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்குப் பிராட்காஸ்ட் போய்ச் சேராது. அதனால் லிஸ்டில் சேர்க்கும் முன்பே, "வாரம் ஒரு ஜெபக்குறிப்பு அனுப்பலாமா? சரியென்றால் என் நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று தனித்தனியே கேட்டுவிடுங்கள். முதல் செய்தியை அனுப்பிய மறுநாள் அதை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்று பெயரோடு தெரியும். பெயர் வராதவர்களிடம் போனில் பேசிச் சரிசெய்யுங்கள். இந்தச் சோதனையை விட்டுவிட்டு, யாருமே பதில் போடவில்லையே என்று மனம் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

குரூப்பில் 1,024 பேர் வரை இடம் உண்டு, ஆனால் ஜெபத்துக்கு ஐந்தாறு பேர் போதும். பெரிய குரூப்பில் காலை வணக்க வசனப் படங்களும் ஃபார்வர்டுகளும் வந்து குவிந்து, உங்கள் விண்ணப்பம் மேலே போய் மறைந்துவிடும். எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிவதைப் பலர், குறிப்பாகப் பெண்கள், விரும்புவதில்லை. அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டினால் இரைச்சல் நிற்கும், ஆனால் பேச்சும் நின்றுபோகும்.

அந்த ஐந்தாறு பேரில் இரண்டு பேராவது எழுதுகிறவர்களாக இருக்கட்டும். பாதியில் நின்றுபோன கையெழுத்துப் பிரதியின் பாரம் அவர்களுக்கு விளக்காமலே புரியும். எழுத்தோடு சம்பந்தமே இல்லாத ஜெப வீரர் ஒருவரும் உங்கள் சபையிலிருந்து கட்டாயம் வேண்டும். எல்லாருமே எழுத்தாளர்களாக இருந்தால் பேச்சு பதிப்பகம், அட்டைப்படம் என்று திரும்பி, ஜெபத்துக்கு நேரம் மிஞ்சாது. வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் குரூப் அழைப்பில் கூடுங்கள்: பத்து நிமிடம் பகிர்வு, இருபது நிமிடம் ஜெபம். அந்த வாரத்து விண்ணப்பம் குரூப்பின் மேலேயே நிற்கும்படி 7 நாள் தேர்வில் "பின்" (pin) செய்து வைத்தால் தேட வேண்டியிருக்காது.

இதே குரூப்பில் அதிகாரங்களைப் போட்டு விமர்சனம் கேட்காதீர்கள். உங்களுக்காகக் கண்ணீரோடு ஜெபிக்கிறவருக்கு "இந்த அதிகாரம் எடுபடவில்லை" என்று சொல்ல வாய் வராது. அதற்கு வேறு ஆட்களைத் தேடுங்கள்.

எந்த வசதியானாலும் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் பாதி காரியம் இருக்கிறது. "என் புத்தகத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றால் எதற்கென்று ஜெபிப்பார்கள்? சிறையிலிருந்த பவுல் கொலோசெயர் 4:3-4-ல் இரண்டே காரியங்களைக் குறிப்பாகக் கேட்கிறார்: வசனம் செல்லும்படி வாசல் திறக்கவேண்டும், தான் பேசவேண்டிய விதமாய்ப் பேசவேண்டும். எழுத்தாளருக்கு இதைவிட நல்ல மாதிரி இல்லை. அந்த வழியில் ஒரு வாரக் குறிப்பு இப்படி இருக்கலாம்:

"ஸ்தோத்திரம்: போன வாரம் கேட்ட 3-ஆம் அதிகாரம் முடிந்தது. இந்த வாரம்: துக்கத்தில் இருப்போருக்கான 4-ஆம் அதிகாரம். ஆறுதல் சொல்லப்போய் அது புத்திமதியாகிவிடுகிறது. ஜெபிக்க: காயப்படுத்தாத வார்த்தைகள் கிடைக்க; சனிக்கிழமைக்குள் எழுதி முடிக்க."

ஒரு பார்வையில் வாசித்துவிடலாம், அப்படியே சொல்லி ஜெபிக்கலாம். ஸ்தோத்திர வரி முதலில் வருவது முக்கியம். கேட்டது என்னவாயிற்று என்று சொல்லாமல் அடுத்ததைக் கேட்டுக்கொண்டே போனால், ஜெபிக்கிறவர்கள் மெதுவாக விலகிவிடுவார்கள். பதில் வரவில்லையென்றால் அதையும் சொல்லலாம். அவர்கள் தொடர்ந்து ஜெபிப்பார்கள். வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் அனுப்பினால் மியூட் செய்துவிடுவார்கள்.

பிறருடைய சாட்சியையோ குடும்பப் பிரச்சினையையோ எழுதும்போது, அவர்கள் பெயரும் அடையாளமும் ஜெபக்குறிப்பில் வரவே கூடாது. தானாக மறையும் செய்தி வசதியை நம்பி அவற்றை எழுதிவிடாதீர்கள். 24 மணி நேரத்தில் மறையும்படி வைத்தாலும் அதற்குள் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கலாம்.

சேனல் வாசகர்களுக்கானது. பொதுச் சேனலை யார் வேண்டுமானாலும் பின்தொடரலாம். தனிச் செய்திகளுக்கு உள்ள முழு மறையாக்கமும் (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாத பாதுகாப்பு) அதற்கு இயல்பாகக் கிடையாது. வெளியீட்டு அறிவிப்பு, விலை, வாங்கும் இணைப்பு எல்லாம் அங்கே போகட்டும். ஜெப லிஸ்டில் விற்பனைச் செய்தி ஒன்று போனால்கூட, "இதற்குத்தானா என்னைச் சேர்த்தார்?" என்ற எண்ணம் வந்துவிடும். அந்த நம்பிக்கையைத் திரும்பப் பெறுவது கடினம்.

வாட்ஸ்அப்பே இல்லாதவர்களையும் மறந்துவிடாதீர்கள். சபையில் விடாமல் ஜெபிக்கும் முதியவர்கள் பலர் சாதாரண போன்தான் வைத்திருப்பார்கள். அதே குறிப்பைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, ஆராதனை முடிந்ததும் அவர்கள் கையில் கொடுங்கள். அடுத்த வாரம் பதிலையும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.