கேபினட்டை அணைத்துவிட்டுக் கேளுங்கள்: நான்கு கிடார் ஆம்ப் மென்பொருள்கள், ஒரே ரெக்கார்டிங்

எந்த ஆம்ப் மென்பொருள் (கிடார் ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் கணினியிலேயே உருவாக்கித் தருவது) நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படி ஒப்பிட்டீர்கள் என்பதைத்தான். ஒன்றில் ஒரு ப்ரீசெட் (தயார் அமைப்பு), இன்னொன்றில் வேறொரு ப்ரீசெட், இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தேன் என்பார்கள். இந்தப் போட்டியில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் ஜெயிக்கும். ஓரிரு டெசிபல் கூடினாலே காது ஏமாந்துவிடும்.

நான் செய்வது இதுதான். ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிடாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) கிடாருக்கான ஹை-இசட் உள்ளீட்டில் கிடாரைச் செருகி, ஆம்ப் எதுவும் இல்லாமல் வெறும் டி.ஐ. (கிடாரின் நேரடி ஒலி) ஒன்றைப் பதிவு செய்துகொள்வேன். அதில் கொஞ்சம் பாம்-மியூட் (கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வாசிப்பது), கொஞ்சம் திறந்த கார்டு, மேல் ஸ்வரத்தில் ஒரு பெண்ட் (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது), கடைசியில் கிடாரின் வால்யூமை அரை அளவுக்கும் கீழே இறக்கி அதே ரிஃப் (சிறு இசைத்துணுக்கு). பிறகு ஒவ்வொரு மென்பொருளிலும் அதன் சொந்த கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியின் நகல்) அணைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே ஐஆர் கோப்பைப் (ஸ்பீக்கரும் மைக்கும் ஒலியை மாற்றும் விதத்தின் பதிவு) போட்டு, சத்த அளவைச் சமன் செய்து கேட்பேன். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக விழும்; மைக் அரை அங்குலம் நகர்ந்தாலும் ஒலி மாறும். அதனால் ஐஆர் ஒன்றானதும், "இதுதான் உண்மையான டியூப் ஆம்ப்" என்று நினைத்த வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போகும். மிச்சம் இருப்பதுதான் மென்பொருளின் சரக்கு.

அந்த மிச்சத்தில் முதலில் கவனிக்க வேண்டியது அலையாசிங். 48 கிலோஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 சாம்பிள்) பதிவு செய்தால், அதில் பாதியான 24-க்கு மேல் எதையும் வைத்திருக்க முடியாது. டிஸ்டார்ஷனோ (ஆம்ப் ஒலியைச் சிதைப்பது) ஹார்மோனிக்ஸை (ஸ்வரத்தின் மடங்குகளான மேல் ஒலிகளை) அடுக்கிக்கொண்டே போகும். 40 கிலோஹெர்ட்ஸில் பிறந்தது மடங்கி வந்து 8-இல் உட்காரும், ஸ்வரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல். அதிக கெயின் (சிதைவைக் கூட்டும் குமிழ்) வைத்து, மேல் கம்பியில் 20ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே மெதுவாக ஒரு பெண்ட் செய்து பாருங்கள். ஸ்வரம் ஏற ஏற, பின்னால் ஏதோ ஒன்று மெல்லிய விசில் போல இறங்கிக்கொண்டே வந்தால் அதுதான் மடங்கிய ஒலி. இதைத் தடுக்க உள்ளே 2, 4, 8 மடங்கு வேகத்தில் கணக்குப் போடுவதுதான் ஓவர்சாம்பிளிங். 4 மடங்கு என்றால் டிஸ்டார்ஷன் பகுதியின் வேலையும் கிட்டத்தட்ட 4 மடங்கு. ஒலித்தரமும் கணினியின் சுமையும் நேருக்கு நேர் மோதும் இடம் இது.

சரி, ஆளுக்கு ஆள் வருவோம்.

ஐகே மல்டிமீடியாவின் ஆம்ப்ளிட்யூப் 5, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிடார் ரிக் 7 இரண்டும் பழைய குடும்பம். சர்க்யூட்டைக் கணக்காக எழுதி ஓட்டுபவை. ஆம்ப், பெடல், ரேக் என்று கடை விரித்திருப்பார்கள். ஆம்ப்ளிட்யூபில் ஓவர்சாம்பிளிங்கை நாமே கூட்டலாம், குறைக்கலாம். பழைய லேப்டாப்காரர்களுக்கு இது பெரிய உதவி. கிடார் ரிக்கில் ஒரே பெட்டிக்குள் இரண்டு தலைமுறை இருக்கிறது. 2020-இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து மெஷின் லேர்னிங் உதவியோடு செய்த புதிய ஆம்ப்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே முந்தைய காலத்து ஆம்ப்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வயது வித்தியாசம் தெரியும். கிடாரைத் தாண்டி சின்த், குரல் என்று எதையாவது சிதைத்து விளையாட கிடார் ரிக் போல வேறில்லை. ராக் ரிஃப் மட்டும் போதும் என்றால் எனக்கு ஆம்ப்ளிட்யூப்.

நியூரல் டிஎஸ்பியின் ஆர்க்கிடைப் வரிசை வேறு மாதிரி. நூறு ஆம்ப் கிடையாது, மூன்று நான்குதான். ஆனால் திறந்த நொடியே ரெக்கார்டில் கேட்பது போல ஒலிக்கும். அதில் ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் அளவுகளைச் சீரமைப்பது), ரிவெர்ப் (அறையின் எதிரொலி), கேபினட் மைக் வைப்பு எல்லாவற்றின் பங்கும் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். நான்கில் கணினியை அதிகம் வேலை வாங்குவதும் பெரும்பாலும் இதுதான். ஐலாக் (உரிமத்தைச் சரிபார்க்கும் சேவை) கணக்கு வேண்டும். 14 நாள் சோதனைப் பதிப்பு உண்டு. அந்த 14 நாளில் ப்ரீசெட் கேட்டு மயங்காமல், உங்கள் வழக்கமான பஃபரில் (கணினி ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் சாம்பிள்களின் எண்ணிக்கை) ஓடுகிறதா என்று பாருங்கள்.

நான்காவது, ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய நியூரல் ஆம்ப் மாடலர். சுருக்கி "நாம்" என்று எழுதினால் தமிழில் குழப்பமாகிவிடும், என்.ஏ.எம். என்றே வைத்துக்கொள்வோம். இலவசம், திறந்த மூலம். இது சர்க்யூட்டைக் கணக்குப் போடுவதில்லை. ஓர் ஆம்புக்குள் என்ன போனது, என்ன வந்தது என்பதை நரம்பு வலையிடம் கொடுத்துப் படிக்க வைத்த நகல். பாம்-மியூட்டின் அடி, வால்யூமை இறக்கும்போது டிஸ்டார்ஷன் கரைகிற விதம் இரண்டிலும் என் காதுக்கு இதுதான் அசலுக்கு மிக அருகில். ஆனால் நகல் எடுத்தபோது குமிழ்கள் எங்கே இருந்தனவோ அங்கேயே உறைந்துவிடும். பிளக்-இன்னில் பேஸ், மிடில், ட்ரெபிள் இருக்கிறதே என்றால், அது பின்னால் ஒட்டிய பொது ஈக்யூ; அந்த ஆம்பின் குமிழ் அல்ல. ஓவர்சாம்பிளிங்கும் கிடையாது, அதனால் அந்த விசில் இங்கேயும் எட்டிப் பார்க்கும். சுமை விஷயத்தில் ஒரு நல்ல குணம்: எந்த ஆம்பின் நகலாக இருந்தாலும், வலையின் அளவு ஒன்றானால் சுமையும் ஒன்றுதான். ஸ்டாண்டர்டு என்ற வலை அளவு கனமாக இருந்தால் லைட், ஃபெதர், நானோ என்று இறங்கிப் போகலாம். லோ-கெயின் ஆம்புக்கு ஃபெதரே பல சமயம் போதும்.

அப்புறம், சுமையை டாஸ்க் மேனேஜரில் பார்த்துப் பயனில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் என்றால், சுமார் 1.3 மில்லிசெகண்டுக்குள் கணக்கு முடிந்தாக வேண்டும். சராசரி 20 சதவீதம்தான் என்றாலும், ஒரே ஒரு முறை தாமதித்தால் "டப்" என்று வெடிக்கும். ஒரு டிராக்கில் உள்ள பிளக்-இன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும் என்பதால், எட்டு கோர் இருந்தாலும் நேரடியாக வாசிக்கும் கிடாருக்கு உதவுவது ஒரு கோரின் வேகம்தான். ஒரு மாலை முழுக்க இந்த வெடிப்புக்கு மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். பார்த்தால் லேப்டாப் சார்ஜரில் இல்லை. மின்சேமிப்பு நிலையில் புராசஸர் தூங்கி வழிந்துகொண்டிருந்தது.

பஃபரை 256-க்கு ஏற்றினால் ஒரு வழிக்கே 5.3 மில்லிசெகண்டு, போய்வர, இன்டர்ஃபேஸின் தாமதமும் சேர்ந்து 10-ஐத் தாண்டும். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 செ.மீ. போகிறது, ஆக ஆம்ப் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பது போல இருக்கும். மெதுவான பாட்டுக்குச் சமாளிக்கலாம், வேகமான ரிஃபில் விரல் தடுமாறும்.

ஆக, லேப்டாப் பழசு, ஒலிதான் முக்கியம் என்றால் என்.ஏ.எம். ஃபெதரும் நல்ல ஐஆர் ஒன்றும். குமிழைத் திருகிக்கொண்டே இருக்கும் கை என்றால் ஆம்ப்ளிட்யூப். புதிய கணினி, அமைப்பில் நேரம் போக்க மனமில்லை என்றால் ஆர்க்கிடைப். நான் வாசிக்கும்போது 64 பஃபரில் ஃபெதரைப் போட்டுக்கொள்கிறேன். டி.ஐ. பத்திரமாக இருக்கிறது அல்லவா, மிக்ஸுக்கு உட்காரும்போது பஃபரை 1024-க்கு ஏற்றிவிட்டு அதே டிராக்கில் ஸ்டாண்டர்டுக்கு மாற்றிவிடுவேன்.