காசில்லாத ஹார்ட் செக்கப்: போகலாமா, வேண்டாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 35 வயது தாண்டியிருந்தால் போங்கள். ஒரு காலைப்பொழுது போகும், கொஞ்சம் பொறுமையும் போகும், காசு மட்டும் போகாது. குறைகள் இருக்கின்றன, அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

நான் சொல்வது இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் பற்றி. 2011 வாக்கில் சுகாதார அமைச்சு தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். "சீனி, பிரஷர் சும்மா பார்க்கிற ரூம்" என்று கேளுங்கள், கை காட்டுவார்கள். நான் மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஓட்டோ ஓட்டுகிறவன், வயது 46. மனைவி கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் வேலை. மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. திட்டவும் போகிறேன், அங்கே இருக்கும் மிஸ்மார், அதாவது நர்ஸ்மார், பாவம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மாரடைப்பு கொழும்பில் ஏ.சி. ரூமில் உட்கார்ந்திருப்பவனுக்கு வருவது, மலை ஏறி இறங்குகிறவனை அது தொடாது என்று. இலங்கை அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் சாவுகளில் பல வருஷமாக முதலிடத்தில் இருப்பது இந்த இதய நோய்தான். அது மட்டுமில்லை, நம் தெற்காசியக்காரர்களுக்கு இது சீக்கிரமாகவே வருகிறது. இன்டர்ஹார்ட் என்று 52 நாடுகளில் பெரிய ஆய்வொன்று நடந்தது, 2004இல் வெளிவந்தது. அதில் முதல் மாரடைப்பு வந்த வயதை ஒப்பிட்டுப் பார்த்தால், நம் பக்கத்தில் நடு வயது 53, மற்ற நாடுகளில் 59க்குக் கிட்ட. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: மாரடைப்புக்கான காரணங்களில் 90 வீதம் அளவுக்கு, அளந்து பார்க்கக்கூடிய ஒன்பது விஷயங்களுக்குள் அடங்கிவிடுகிறது. சிகரெட், கொழுப்பு, பிரஷர், சீனி, தொப்பை, மனஉளைச்சல், காய்கறி பழம் சாப்பிடாதது, உடம்பு அசையாதது, குடி விஷயம். தலையெழுத்து என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பட்டியலுக்குள் இருக்கிறது. அந்த ரூமில் பார்ப்பதும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டு வெறும் வயிற்றோடு போக வேண்டும். தண்ணீர் குடிக்கலாம், சாயத்தண்ணி, அதாவது பால் இல்லாத தேத்தண்ணி, கூடாது. காலையில் சாயத்தண்ணி இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் எங்கள் ஆட்களுக்கு மிகப்பெரிய சோதனை, மற்றதெல்லாம் லேசு. நம்பர் துண்டு வாங்கி உட்கார்ந்தால் உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், விரலில் குத்தி சீனி, கொலஸ்ட்ரோல் என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்தும் பார்க்கிறார்கள், அது வெற்றிலை போடுகிறவர்களுக்காக.

இடுப்பு அளவில் நம் ஆட்களுக்குக் கணக்கு வேறு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. வெள்ளைக்காரருக்கு இதைவிடக் கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறார்கள். பார்த்தால் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருப்பதுதான் நமக்கு ஆபத்தான வாகு. ஓட்டோக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறோம். நாள் முழுக்க சீட்டில், பசித்தால் ரோல்ஸ், இரவானால் கொத்து. டேப் 96இல் நின்றது. மிஸ் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

பிரஷர் பார்த்த விதம் எனக்குப் பிடித்தது. டவுன் பார்மசியில் மேசைக்கு முன்னால் நின்றபடியே கையை நீட்டச் சொல்வார்கள், ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டியைச் சுற்றுவார்கள். இங்கே மிஸ் மச்சானைப் பார்த்து, "ஐயா, ஸ்வெட்டரைக் கழட்டுங்க. கையைச் சுருட்டி மேல ஏத்த வேணாம், கழட்டுங்க" என்றார். சுருட்டி ஏற்றினால் அது கையை இறுக்கி, கணக்கை மாற்றிவிடுமாம். ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து உட்கார வைத்தார், இரண்டு காலும் தரையில், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில், பேச்சு கூடாது. ஒரு தடவை பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். ஆஸ்பத்திரி மேட்டை ஏறி மூச்சு வாங்க வந்தவனுக்கு உடனே பார்த்தால் அது பிரஷர் இல்லை, மேட்டோட கணக்கு. குளிரும் பிரஷரை ஏற்றும், டிசம்பர் ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும். 140க்கு 90 என்பது கோடு. அதற்கு மேல் போனால் இன்னொரு நாளும் வரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்கிறார்கள்.

மூன்று பேரில் என்னைத்தான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஏறியிருந்தது என் மனைவிக்கு. தினமும் கூடையைச் சுமந்துகொண்டு மலையில் நிற்கிறவள், ஒரு சுற்றுச் சதை கிடையாது. மிஸ் அவளுடைய சமையலை விசாரித்தார். ரொட்டி மாவில் உப்பு, அதற்குத் தொட்டுக்கொள்ளும் கட்டச்சம்பலில் உப்பு, மத்தியானம் கருவாடு, அப்புறம் கொய்யாக்காய், மாங்காய் எதுவானாலும் உப்பும் மிளகாயும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அதுவும் கறியில் இருப்பதெல்லாம் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் அது காலை ரொட்டியோடேயே பாதி முடிந்துவிடும். நடப்பது இதயத்துக்கு நல்லதுதான், வாரத்துக்கு 150 நிமிஷம் கேட்கிறார்கள், அவள் அதை ஒரே நாளில் நடந்துவிடுவாள். ஆனால் நடையால் உப்பை அழிக்க முடியாது என்று மிஸ் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சமையலில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறவன் யார் என்று கேட்பது போல.

இந்த கிளினிக்கில் மற்ற எதையும்விட எனக்குப் பெறுமதியாகப் பட்டது மேசையில் இருக்கும் ஒரு கலர் அட்டை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கடும் சிவப்பு என்று சின்னச் சின்னப் பெட்டிகள். வயது, ஆணா பெண்ணா, சிகரெட் உண்டா, சீனி உண்டா, பிரஷர் எவ்வளவு, கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று தேடிக்கொண்டு போனால் ஒரு பெட்டியில் போய் நிற்கும். அதில் இருக்கும் இலக்கம் 10 என்றால், உங்களைப் போன்ற 100 பேரில் 10 பேருக்கு அடுத்த பத்து வருஷத்துக்குள் மாரடைப்போ பாரிசவாதமோ (ஸ்ட்ரோக்) வரலாம் என்று அர்த்தம். கொலஸ்ட்ரோல் 200 தாண்டிவிட்டது என்று தனியாகப் பயந்துகொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் ஏறியிருக்கும் ஆளுக்குத்தான், ஒன்று மட்டும் நிறைய ஏறியிருப்பவரைவிடச் சில நேரம் ஆபத்து அதிகம் என்பதை அட்டை கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

மச்சான் 52. பிரஷர் கொஞ்சம் கூட, சிகரெட் உண்டு. மிஸ் விரலை வைத்த பெட்டி ஆரஞ்சு. அப்புறம் அந்த விரலை அப்படியே பக்கத்தில் சிகரெட் குடிக்காதவர்களுக்கான பகுதிக்கு, அதே வயசு அதே பிரஷருக்கு, நகர்த்தினார். மஞ்சள். "இது ஒண்ணை விட்டாலே இங்க வரலாம் ஐயா, மாத்திரைகூட வேணாம்" என்றார். விட்டு ஒரு வருஷத்தில் சிகரெட்டால் வந்த இதய ஆபத்து பாதியாகக் குறையுமாம். சிகரெட் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அழுகிய நுரையீரல் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே பற்ற வைக்கிற மனுஷன், இந்த ஒரு விரல் நகர்வுக்குக் கொஞ்ச நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டாரா என்று கேட்காதீர்கள், குறைத்திருக்கிறார்.

அட்டையிலும் ஓட்டை உண்டு. அது புகையை மட்டும்தான் கேட்கிறது. எங்கள் பெண்களுக்கு இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் வெற்றிலையும் புகையிலையும்தான் சிகரெட். அந்த 52 நாட்டு ஆய்வில் மெல்லுகிற புகையிலையும் மாரடைப்பைக் கூட்டுவது தெரியவந்தது, அட்டையில் அதற்குப் பெட்டி இல்லை. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளவயதில் நெஞ்சுவலி வந்த கதைக்கும் பெட்டி இல்லை. நாமாகச் சொல்ல வேண்டும், சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். பச்சைப் பெட்டியில் நிற்பதைப் பார்த்துவிட்டு வெற்றிலைப் பையைத் தடவிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

இனி குறைகள். கிளினிக் கிழமை நாளில், காலையில். என்னைப் போன்றவனுக்கு ஓட்டம் இரண்டு தவறும், அவ்வளவுதான். மனைவிக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விட்டது. நாள் சம்பளத்தில் இருப்பவர்களை, நோயே இல்லாதபோது, சம்பளத்தை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் தோட்டத்து ஆட்களை எண்ணிவிடலாம், ஆண்கள் அதிலும் குறைவு. சில இடங்களில் தோட்டத்துக்கே வந்து பார்க்கிறார்கள், அதுதான் சரியான வழி. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மேசை போட்டால் அரை நாளில் தோட்டத்தின் ஒரு பிரிவை, ஒரு டிவிசனையே பார்த்துவிடலாம்.

மொழி அடுத்த குறை. பிரஷர் பார்த்த மிஸ்ஸுக்குத் தமிழ் நன்றாக வந்தது, எங்கள் அதிர்ஷ்டம். எழுதிக்கொடுத்த கொப்பி சிங்களத்தில். சாப்பாட்டைப் பற்றிய துண்டுப்பிரசுரம் தமிழில்தான் இருந்தது, ஆனால் அதில் இருக்கும் சாப்பாடு எங்கள் சாப்பாடு இல்லை. சாலட், ஓட்ஸ், கொழுப்பில்லாத பால். காலையில் இருட்டோடு எழும்பி ரொட்டியைத் தட்டி மலைக்குக் கட்டிக்கொண்டு போகிறவளுக்கு இது எதற்கு? வாயால் சொன்ன அறிவுரைதான் உருப்படியாக இருந்தது. ரொட்டி மாவில் உப்பைப் போடாதே, சம்பலில் இருப்பது போதும். கருவாட்டை ஊறவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டு. சாயத்தண்ணிக்குச் சீனியைக் கரண்டி கரண்டியாகக் குறை. பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்காதே. கூல்டிரிங்க்ஸ் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் கையை எடுத்துவிடு, 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சீனி என்று அர்த்தம், 2016இலிருந்து போடுகிறார்கள். லீக்ஸும் கோவாவும் கரட்டும் விளைகிற ஊரில் இருந்துகொண்டு கிழங்குக் கறியோடு ரொட்டி தின்கிறோம் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, நமக்கே தெரியும்.

அப்புறம் இன்னொன்று. எனக்குக் கொலஸ்ட்ரோல் பார்க்கும்போது சாமான் முடிந்துவிட்டது. வெளியில் தனியார் லேப்பில் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். காசில்லாத செக்கப் என்ற தலைப்பு அந்த இடத்தில் கொஞ்சம் பொய்யாகிவிட்டது. சுத்தத்துக்கும் மரியாதைக்கும் குறை சொல்ல முடியாது.

மனைவியை மெடிக்கல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள், மாத்திரை இலவசம். இங்கேதான் எங்கள் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். பிரஷர் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று நிறுத்துவது. அது மாத்திரையால்தான் இறங்கியிருக்கிறது, நிறுத்தினால் திரும்ப ஏறும். அதைவிடக் கொடுமை, பக்கத்துக் காம்பராக்காரிக்குத் தலைசுற்றல் என்றால் தன் மாத்திரையில் இரண்டைக் கொடுப்பது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், சீனி, உப்பு கடன் கொடுக்கலாம், பிரஷர் மாத்திரை கொடுக்காதீர்கள்.

யார் அந்த ரூமுக்குப் போகக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். இப்போது நெஞ்சு அடைக்கிறது, இறுக்குகிறது, இடது கைக்கோ தாடைக்கோ வலி ஓடுகிறது, குளிர்ந்து வியர்க்கிறது என்றால் நம்பர் துண்டு எடுத்து உட்காராதீர்கள். பெண்களுக்கும் சீனி வியாதிக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் அசதியும் வாந்தியும் மட்டும் வரலாம். எங்கள் பக்கத்தில் இது எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் காஸ். சோடா வாங்கிக் கொடுத்து, இஞ்சித் தேத்தண்ணி போட்டு, முதுகைத் தடவி, கடைசியில்தான் எனக்குப் போன் வரும். இதயத்துக்குப் போகும் குழாயில் இரத்தம் கட்டி அடைத்திருக்கிறது, அதைக் கரைக்கிற ஊசி பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் போட்டால்தான் தசை பிழைக்கும். குழாய் விட்டு அடைப்பை எடுக்க வேண்டுமென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை எல்லாம் தாண்டிக் கண்டிக்குத்தான் போக வேண்டும். சோடாவுக்குச் செலவழிக்க நேரம் கிடையாது.

ஓட்டோக்காரனே சொல்கிறேன், முதலில் எனக்கு அடிக்காதீர்கள். 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. அதில் ஒக்சிஜன் இருக்கும், பயிற்சி எடுத்தவர் பக்கத்தில் இருப்பார். என் ஓட்டோவில் இருப்பது பாட்டுப்பெட்டி. லயத்து ரோட்டில் அம்புலன்ஸ் ஏறாது என்றால் அதையும் போனிலேயே சொல்லிவிட்டு, எந்த இடத்தில் மெயின் ரோட்டில் சந்திப்பது என்று பேசிக்கொள்ளுங்கள், அது வரைக்கும் ஓட்டோ கொண்டுவரும். நோயாளியை நடக்க விடாதீர்கள், லயத்திலிருந்து ரோடு வரை மேடாக இருந்தால் கதிரையில் வைத்துத் தூக்குங்கள். லயத்துக்கு விலாசம் கிடையாது, அதனால் தோட்டத்துப் பெயர், டிவிசன், பக்கத்தில் இருக்கும் கோயிலோ ஸ்டோரோ, மெயின் ரோட்டில் எந்தப் பாலத்துக்குப் பிறகு திரும்ப வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பகலில் வீட்டில் இருப்பது கிழவர்களும் பிள்ளைகளும்தான், அவர்களுக்கும் அதைப் பழக்கிவையுங்கள்.